ஐஎஸ்ஓ 9001: மொத்த விநியோகக் குடோனுக்கு எவ்வளவு தேறும்?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தர மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 9001:2015 மொத்த விநியோகத்துக்கும் பொருந்துவதுதான். ஆனால் அதன் எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரே கனம் கொடுத்தால் ஃபைல்தான் தடிக்கும். தவறான சரக்கு போவது நிற்காது. விநியோகஸ்தர் எதையும் தயாரிப்பதில்லை. சரியான சரக்கு, சரியான எண்ணிக்கை, சரியான பேட்ச், சொன்ன தேதி என்ற நான்கு உறுதிமொழிகளைத்தான் அவர் விற்கிறார். இவை உடைவது சரக்கு கைமாறும் இடங்களில். சப்ளையரிடமிருந்து குடோனுக்கு, ரேக்கிலிருந்து பெட்டிக்கு, வண்டியிலிருந்து வாடிக்கையாளருக்கு, ரிட்டர்னாகத் திரும்பி மறுபடியும் குடோனுக்கு. தரநிலையின் 8-ஆம் பிரிவில் பெரும்பகுதி இந்த இடங்களைப் பற்றியதுதான். உழைப்பை அங்கே கொட்ட வேண்டும். மற்றதற்குப் பாஸ் மார்க் போதும்.

இந்தத் தரநிலையில் தொழிற்சாலை வாசனை அடிப்பதற்குக் காரணம் உண்டு. 1987-இல் வந்த முதல் பதிப்பில் 9001, 9002, 9003 என்று மூன்று மாதிரிகள் இருந்தன. வடிவமைப்பு வேலை இல்லாதவர்களுக்கு 9002. 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில் மூன்றும் ஒன்றாயின. 2008 பதிப்பு வரை எழுத்தில் கட்டாயமாக இருக்க வேண்டிய செயல்முறைகள் ஆறு. 2015 பதிப்பு அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. தரக் கையேடு, நிர்வாகப் பிரதிநிதி என்ற பதவி, தடுப்பு நடவடிக்கை என்ற தனிப் பிரிவு ஆகியவையும் போய்விட்டன. இருந்தும் சந்தையில் விற்கும் ரெடிமேட் ஆவணக் கட்டுகளில் இவையெல்லாம் இன்னும் உட்கார்ந்திருக்கின்றன. இயந்திரப் பராமரிப்பு அட்டவணை, உற்பத்தித் திட்டப் படிவம் என்று ஒரு குடோனில் வெற்றுத் தாள்கள் கிடந்தால், ஏதோ ஒரு ஆலைக்கு எழுதியதைப் பெயர் மாற்றி விற்றிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்குக் கொடுத்த பணம் வீண்.

தரமுறை எந்தெந்த வேலைகளை உள்ளடக்கும் என்ற வரம்பை எழுதும்போதே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். 8.3, அதாவது வடிவமைப்பும் மேம்பாடும், தமக்குப் பொருந்தாது என்று விநியோகஸ்தர்கள் காரணம் எழுதி விலக்கிவிடுவது வழக்கம். வாங்கிய பெட்டியை வாங்கியபடி விற்றால் அது சரி. சொந்தப் பெயரில் பொருள் செய்யச் சொல்லி விவரக்குறிப்பு கொடுத்தாலோ, பல பொருள்களைச் சேர்த்து ஒரு செட் ஆக்கி விற்றாலோ அந்த விலக்கு நிற்காது. செட்டில் எந்த அளவு ஸ்குரூ போக வேண்டும் என்று முடிவெடுப்பதே வடிவமைப்புதான். இன்னொரு ஓட்டை: சரக்கு குடோனுக்கே வராமல் சப்ளையரிடமிருந்து நேராக வாடிக்கையாளருக்குப் போகும் ஆர்டர்கள். இவற்றை வரம்பில் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பில் உங்கள் பெயரில் என்றால், அனுப்புவதற்கு முன் சரிபார்க்கும் 8.6-உம் உங்கள் தலையில்தான். சப்ளையரிடமிருந்து பேட்ச் எண்ணோடு பேக்கிங் லிஸ்ட்டோ புகைப்படமோ வாங்கி, பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகே வண்டி கிளம்பட்டும்.

ஆர்டர் வாங்கும் மேசை

8.2 வாடிக்கையாளரின் தேவையை உறுதிசெய்வது பற்றியது. கேட்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் தவறான டெலிவரிகளில் கணிசமான பங்கு குடோனில் பிறப்பதில்லை. ஆர்டரைக் கணினியில் ஏற்றும்போதே பிறந்துவிடுகிறது. முதல் குற்றவாளி அலகு. வாடிக்கையாளர் '10' என்கிறார். பத்துப் பீஸா, பத்து உள்பெட்டியா, பத்து அட்டைப்பெட்டியா? 24 பீஸ் கொண்ட பெட்டியில் இந்தக் குழப்பம் வந்தால் பிழை 24 மடங்கு. பொருள் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் விற்கும் அலகு, எடுக்கும் அலகு, வாங்கும் அலகு மூன்றையும் தனித்தனிப் புலமாக வைத்து, மாற்றுக் கணக்கை ஒரே ஒருவர் மட்டும் திருத்தும்படி பூட்ட வேண்டும். சப்ளையர் பேக்கிங்கை 24-இலிருந்து 20-ஆகக் குறைத்த அன்று இந்தப் பூட்டு தன் விலையை ஈட்டிவிடும்.

இரண்டாவது, கேட்ட பிராண்ட் இல்லை என்றதும் 'அதே மாதிரி' இன்னொன்றை அனுப்புவது. விற்பனையாளர்கள் இதைச் சேவை என்று நினைக்கிறார்கள். தரநிலைப்படி இது ஆர்டரில் மாற்றம். வாடிக்கையாளரின் சம்மதமும் அதற்கான பதிவும் வேண்டும். குறுஞ்செய்தியில் ஒரு 'சரி' போதும். ஆனால் அந்தச் 'சரி' ஆர்டரோடு ஒட்டியிருக்க வேண்டும், யாரோ ஒருவரின் கைபேசியில் அல்ல.

சரக்கு வரவு

வரவு மேசையில் இருப்பவரின் கையில் டெலிவரி நோட்டைக் கொடுத்து எண்ணச் சொன்னால், அதிலுள்ள எண்ணுக்குத்தான் அவர் எண்ணிக்கை வந்து நிற்கும். அளவை மறைத்த தாளைக் கொடுத்து எண்ண வைத்து, பிறகு பர்ச்சேஸ் ஆர்டரோடு ஒப்பிடுங்கள். டெலிவரி நோட்டோடு மட்டும் ஒப்பிட்டால் சப்ளையர் தவறாக அனுப்பியதும் 'சரி' என்றே விழும்.

சீல் உடையாத பெட்டிகளில் பார்க்க வேண்டியவை அடையாளம், எண்ணிக்கை, பேட்ச், காலாவதி, சேதம். அதற்குமேல் எல்லாப் பெட்டியையும் பிரித்துப் பார்ப்பது வீண்வேலை. சொந்தப் பெயரில் செய்வித்த சரக்கு, புதிய சப்ளையரின் சரக்கு ஆகியவற்றுக்கு மட்டும், எத்தனை பீஸை மாதிரியாக எடுத்துச் சோதிப்பது என்று சொல்லும் ஐஎஸ்ஓ 2859-1 அட்டவணையைப் பயன்படுத்தலாம். 1,200 பீஸ் கொண்ட ஒரு லாட்டுக்கு (ஒன்றாகச் சோதிக்கும் சரக்குத் தொகுதி), வழக்கமான சோதனை அளவான பொது நிலை 2-இல் அட்டவணையின் குறியெழுத்து ஜே, மாதிரி 80 பீஸ். ஏற்புத் தர வரம்பு, அதாவது பொறுத்துக்கொள்ளும் குறை சதவீதம், 1.0 என்றால் 2 குறை வரை ஏற்கலாம். 3 என்றால் லாட்டே நிராகரிப்பு. இதில் மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. கதவுப் பக்கப் பேலட்டின் மேல் அடுக்கிலிருந்தே எண்பதையும் உருவிவிடுவார்கள். இரண்டு மூன்று பேட்ச்களைக் கலந்து ஒரே லாட் என்று கணக்கிடுவார்கள். மூன்றாவதை யாரும் கவனிப்பதே இல்லை: இந்த அட்டவணை தொடர்ந்து வரும் லாட்களுக்கானது, மாற்று விதிகளோடு சேர்ந்தால்தான் அதற்குப் பொருள். அடுத்தடுத்த 5 லாட்களுக்குள் 2 நிராகரிக்கப்பட்டால் கடுமையான நிலைக்கு மாற வேண்டும். அதைச் செய்யாமல் சாதாரண நிலையிலேயே காலம் தள்ளினால் மோசமான சப்ளையருக்குச் சாதகமாகப் போய்விடும்.

எடைபோட்டு எண்ணும் தராசு பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அளவீட்டுக் கருவிகள் பற்றிய 7.1.5-ஐ எல்லோரும் சான்றிதழ் வாங்குவதோடு முடித்துவிடுகிறார்கள். 2 கிராம் எடையுள்ள பொருளில் 10 பீஸை வைத்து ஒன்றின் எடையைத் தராசுக்குக் கற்றுக்கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தராசு காட்டும் மிகச் சிறிய அளவு 1 கிராம். 20 கிராமில் அரை கிராம் பிழை என்பது 2.5 சதவீதம், 1,000 பீஸ் எண்ணும்போது அதுவே 25 பீஸ் ஆகிவிடும். 100 பீஸை வைத்துக் கற்றுக்கொடுத்தால் பிழை 2 அல்லது 3 பீஸில் நின்றுவிடும். தராசின் அளவீட்டுச் சான்றிதழ் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் இந்தப் பிழையை அது காட்டாது.

பேட்ச் தடம்: தரநிலை உண்மையாகவே சோதிக்கப்படும் இடம்

8.5.2 அடையாளமும் தடமறிதலும். 'எங்கள் மென்பொருளில் பேட்ச் வாரியாக எல்லாம் இருக்கிறது' என்ற பதில் எல்லாக் குடோனிலும் கிடைக்கும். மென்பொருளில் இருக்கிறதுதான், பெட்டியில் இருப்பதும் அதுவா என்பதே கேள்வி. பில் போடும்போது மென்பொருள் முதலில் காலாவதியாகும் பேட்ச்சைத் தானாகத் தேர்ந்தெடுக்கிறது. சரக்கு எடுப்பவரோ கைக்கு எட்டியதை எடுக்கிறார். பில்லில் ஒரு பேட்ச், பெட்டியில் வேறு பேட்ச். எண்ணிக்கை சரியாக இருப்பதால் ஸ்டாக் எடுக்கும்போதும் இது தெரியவராது. தயாரிப்பாளர் ஒரு பேட்ச்சைத் திரும்பக் கேட்கும் நாளில்தான் குட்டு உடையும்.

தீர்வு மூன்று விதம். எடுக்கும் இடத்திலேயே பேட்ச்சை ஸ்கேன் செய்து, அதன்பிறகு பில் போடுவது முதல் தரம். ஸ்கேனர் இல்லையென்றால், எடுத்தவர் பேட்ச் எண்ணைத் தாளில் எழுத, அதைப் பார்த்துப் பில் போடுவது. இரண்டும் முடியாவிட்டால் ஒரு இடத்தில் ஒரே பேட்ச் என்ற விதி. இடம் அதிகம் தேவைப்படும், ஆனால் தவறு குறையும். ஸ்கேன் செய்பவர்கள் உலகப் பொது பார்கோடு முறையான ஜிஎஸ்1-இன் முன்னெண்களைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது: 01 பொருள் எண், 10 பேட்ச், 17 காலாவதி. காலாவதி ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் 6 இலக்கம். நாள் இடத்தில் 00 இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் என்று கொள்ள வேண்டும். இதைப் படிக்கத் தெரியாத மென்பொருள் அந்தப் புலத்தை வெறுமையாக விட்டுவிடும், அல்லது வேறு தேதியைப் பதிந்துவிடும். பீஸுக்கும் அட்டைப்பெட்டிக்கும் வெவ்வேறு பொருள் எண் இருக்கும் என்பதும் முக்கியம். பெட்டியின் எண்ணைப் பீஸாகப் பதிந்தால் முன்பு சொன்ன 24 மடங்குப் பிழை குடோன் பக்கத்திலிருந்து நுழையும்.

சோதிப்பது எளிது. ஏதாவது ஒரு பேட்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். வந்தது எவ்வளவு? இப்போது இருப்பு, ரிட்டர்ன் கழித்த விற்பனை, ரிட்டர்ன் வந்து மறுபடி வெளியே போனது, அழித்தது எல்லாம் சேர்ந்து அந்த வரவோடு பொருந்துகிறதா? விற்ற வாடிக்கையாளர்களின் பட்டியலை எடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது? பிறகு ரேக்கிலேயே போய் அந்தப் பேட்ச்சின் இருப்பைக் கையால் எண்ண வேண்டும். இந்த மூன்றாவது படியைச் செய்யாத ஒத்திகை வெறும் கணினிப் பயிற்சி. விற்பனை அதிகமுள்ள பொருளை எடுத்துச் செய்யுங்கள். அசையாத சரக்கில் ஒத்திகை நடத்தினால் நூற்றுக்கு நூறு வரத்தான் செய்யும்.

8.5.4 சரக்குப் பாதுகாப்பு. முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்ற விதி காலாவதியுள்ள சரக்குக்குப் போதாது. பிந்தி வந்த லாட்டுக்கு முந்திய காலாவதி இருக்கலாம். வெப்பநிலைக் கட்டுப்பாடு தேவைப்படும் சரக்கு என்றால், சுவரில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டுவதோடு நிற்கக் கூடாது. மேல் ரேக், கீழ் ரேக், கதவோரம், கூரைக்கு அடியில் என்று பதிவுக்கருவிகளை வைத்து, வெயில் காலத்தில் ஒருமுறையும் குளிர் காலத்தில் ஒருமுறையும் வெப்பப் பரவலைப் பார்க்க வேண்டும். நிரந்தரக் கருவியை எங்கே வைப்பது என்பதை அந்த முடிவுதான் சொல்ல வேண்டும். இங்கேயே 2024-இல் வந்த சிறு திருத்தத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்: பருவநிலை மாற்றம் உங்கள் தொழிலுக்குப் பொருட்டா என்று தீர்மானிக்கச் சொல்கிறது 4.1. கூரை வெப்பமும் வெள்ளம் புகும் தரைத்தளமும் உள்ள குடோனுக்கு இது சம்பிரதாயக் கேள்வி அல்ல.

ரிட்டர்ன் மூலை

குடோனின் தரம் தெரிய வேண்டுமானால் நேராக ரிட்டர்ன் கிடக்கும் மூலைக்குப் போங்கள். 8.7 சொல்வது: தேவைக்குப் பொருந்தாத சரக்கு தெரியாமல் வெளியே போய்விடக் கூடாது. பெரும்பாலோர் சிவப்புக் கோடு போட்டு ஒரு மூலையை ஒதுக்கிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். கணினியில் அந்தச் சரக்கு இன்னும் 'விற்கலாம்' என்றே நிற்கும். விற்பனையாளர் அதைப் பார்த்து வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுப்பார். சரக்கு எடுப்பவர் ரேக்கில் இல்லையென்று தேடி, கடைசியில் சிவப்பு மூலையிலிருந்து எடுத்துக்கொடுப்பார். தரையில் பிரிப்பதும் கணினியில் பூட்டுவதும் ஒரே நேரத்தில், ஒரே ஆள் செய்ய வேண்டியவை.

ரிட்டர்ன் சரக்குக்கு நான்கே வழிகள்: மறுபடி ஸ்டாக், சப்ளையருக்குத் திருப்பி அனுப்புவது, குறையைச் சொல்லி விலை குறைத்து விற்பது, அழிப்பது. எந்த வழி என்று தீர்மானிக்கும் அதிகாரம் விற்பனைப் பிரிவிடம் இருக்கக் கூடாது. வாடிக்கையாளருக்குக் கிரெடிட் நோட் கொடுப்பது வேறு, சரக்கை ஸ்டாக்கில் சேர்ப்பது வேறு. இரண்டையும் ஒரே பட்டனில் செய்யும் மென்பொருள்தான் சேதமான பெட்டிகளை ரேக்குக்கு ஏற்றுகிறது. காரணக் குறியீடுகளையும் ஒழுங்காக எழுத வேண்டும். 'வாடிக்கையாளர் மறுத்தார்' என்பது காரணம் ஆகாது. ஆர்டர் ஏற்றியதில் பிழை, எடுத்ததில் பிழை, வழியில் சேதம், சப்ளையர் குறை, தாமதம், வாடிக்கையாளர் அதிகம் வாங்கிவிட்டார் என்று நம் செயல்முறையின் பெயரில் குறியீடு இருந்தால்தான் 10.2-க்கு உயிர் வரும்.

10.2 திருத்த நடவடிக்கை பெரும்பாலான இடங்களில் நகைச்சுவைதான். காரணம்: 'ஊழியரின் கவனக்குறைவு'. நடவடிக்கை: 'பயிற்சி அளிக்கப்பட்டது'. அடுத்த மாதம் அதே பிழை, அதே பதில். ஒரே மாதிரி அட்டைப்பெட்டியில் 500 மில்லியும் 1 லிட்டரும் பக்கத்துப் பக்கத்து ரேக்கில் இருந்தால் எத்தனை பயிற்சி கொடுத்தும் பயனில்லை. இடத்தை மாற்றுங்கள்.

எதை அளப்பது

9.1-க்கு எல்லோரும் திருப்திப் படிவம் அனுப்புகிறார்கள். நன்றாக இருக்கிறது என்று டிக் அடித்துத் திரும்பி வருகிறது. அதைவிடப் பயனுள்ள எண் பிழையில்லாத ஆர்டர்களின் விகிதம். வரி வாரியாக, அதாவது ஆர்டரிலுள்ள ஒவ்வொரு பொருள் பதிவாக, 99 சதவீதம் சரி என்று மார்தட்டுகிறவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்: 20 வரி உள்ள ஆர்டரில் எல்லா வரியும் சரியாக இருக்க 0.99-ஐ இருபது முறை பெருக்க வேண்டும். வருவது ஏறத்தாழ 82 சதவீதம். நூறு ஆர்டரில் 18 ஏதோ ஒரு பிழையோடு போகிறது. வரித் துல்லியம் 99.9 ஆனால்தான் ஆர்டர் அளவில் 98 வரும்.

ஸ்டாக் துல்லியத்தையும் பணமதிப்பில் அளக்கக் கூடாது. ஒன்றில் கூடுதலும் மற்றொன்றில் குறைவும் கழிந்து வித்தியாசம் பூஜ்யம் ஆகிவிடும்; ஆனால் அந்த இரண்டு பொருளும் மாறிப்போய் யாருக்கோ சென்றிருக்கின்றன. இடம் வாரியாக, எண்ணிக்கை சரியா தவறா என்று மட்டும் அளந்தால் உண்மை தெரியும். ஆண்டுக்கொரு முறை கடையடைத்து எண்ணுவதைவிட வேகமாக நகரும் சரக்கை மாதம் ஒருமுறையும் மற்றவற்றைச் சற்றே நீண்ட இடைவெளியிலும் சுழற்சியாக எண்ணுவது நல்லது. பிழை சூடாக இருக்கும்போதே காரணம் கிடைக்கும்.

சப்ளையர் மதிப்பீட்டில், 8.4-இல், 20 பக்கக் கேள்வித்தாள் அனுப்புவது வழக்கம். குப்பை. ஒவ்வொரு வரவிலும் நான்கு விவரங்கள் பதிந்தால் போதும்: சொன்ன தேதிக்கு வந்ததா, முழு அளவு வந்ததா, குறை எத்தனை, ஆவணம் சரியா. வருடக் கடைசியில் மதிப்பீடு தானாகவே கையில் இருக்கும். மறந்துபோகும் ஒரு சப்ளையர் உண்டு: லாரி நிறுவனம். வெளியாள் ஓட்டும் வண்டியும் 8.4-க்குள்தான் வருகிறது. டெலிவரிக் கையெழுத்து எத்தனை நாளில் திரும்ப வேண்டும், சேதத்தை யார் எப்போது பதிய வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

எப்போது இது போதாது

மருந்து மொத்த வியாபாரிகளுக்கு ஐஎஸ்ஓ 9001 அடித்தளம் மட்டுமே. நல்ல விநியோக நடைமுறை விதிகள் அதைவிடக் கறாரானவை, பல நாடுகளில் சட்டப் பிடியும் அவற்றுக்கே. விமான உதிரிபாக விநியோகத்துக்கு ஏஎஸ் 9120 என்ற தனித் தரநிலையே இருக்கிறது. அதன் பி திருத்தம் 2016-இல், 9001:2015-ஐ அடிப்படையாக வைத்து வந்தது. போலி உதிரிபாகத் தடுப்பும், ஒரு லாட்டைப் பிரித்து விற்கும்போது மூலச் சான்றுகளின் தொடர்பு அறுந்துபோகாமல் காப்பதும் அதன் பலம். மின்னணு, மின்சாரப் பாகங்கள் விற்பவர்கள் சான்றிதழ் எடுக்காவிட்டாலும் அந்தப் பகுதியைப் படித்துப் பின்பற்றலாம். 9001-இன் பிரிவுகளுக்கு விளக்கம் வேண்டுவோருக்கு ஐஎஸ்ஓ/டிஎஸ் 9002:2016 இருக்கிறது. ஆலோசகரின் ஆவணக் கட்டைவிட உருப்படியானது.

சான்றிதழ் வாங்குவதாக இருந்தால்

ஐஎஸ்ஓ அமைப்பு யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை. சான்றளிப்பு நிறுவனங்கள்தான் தருகின்றன. அந்த நிறுவனம் அங்கீகாரம் பெற்றதா, அந்த அங்கீகாரம் மொத்த, சில்லறை வணிகத்துக்கான குறியீடு 29-ஐ உள்ளடக்கியதா என்று பாருங்கள். தணிக்கை இரண்டு கட்டம். முதல் கட்டத்திலேயே உள்தணிக்கையும் நிர்வாக மீளாய்வும் திட்டப்படி நடக்கின்றனவா என்று பார்ப்பார்கள். தணிக்கை நாள்களை ஆள் எண்ணிக்கையே பெரும்பாலும் தீர்மானிக்கிறது: 11 முதல் 15 பேர் என்றால் 2.5 நாள், 16 முதல் 25 என்றால் 3 நாள், 26 முதல் 45 என்றால் 4 நாள் என்பது தொடக்கக் கணக்கு. வேலையின் சிக்கலைப் பொறுத்துக் கூடலாம், குறையலாம். ஆண்டுக் கண்காணிப்புத் தணிக்கை இதில் சுமார் மூன்றிலொரு பங்கு. மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு. 40 பேர் உள்ள இடத்தை ஒரே நாளில் முடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை. சான்றிதழ் உண்மையானதா என்று ஐஏஎஃப் செர்ட்சர்ச் தளத்தில் தேடிப் பார்க்கலாம். சப்ளையர் நீட்டும் சான்றிதழுக்கும் இதே சோதனை செய்யுங்கள். அதிலுள்ள வரம்பு வாசகத்தையும் முகவரியையும் படியுங்கள். தலைமை அலுவலகத்துக்கு மட்டும் வாங்கிய சான்றிதழ் குடோனுக்குப் பேசாது.

கிளைகள் ஒரே மாதிரி இயங்கினால் எல்லாவற்றையும் தணிக்கை செய்ய மாட்டார்கள். முதல் தணிக்கையில் கிளைகளின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம்: 9 கிளை என்றால் 3, அதோடு மைய அலுவலகம். மீதி 6 கிளைகளை உங்கள் உள்தணிக்கைதான் பார்க்க வேண்டும்.

சான்றிதழ் வந்ததும் முத்திரையை அட்டைப்பெட்டியில் அச்சடிக்கும் ஆசை வரும். அது கூடாது. சான்று பெற்றது உங்கள் மேலாண்மை முறை. பெட்டிக்குள் இருக்கும் பொருள் அல்ல. நிறுவனத்தின் பெயர், தரநிலை, சான்றளித்தவர் ஆகிய விவரங்களோடு ஒரு வாசகமாக எழுதலாம், அதுவும் பொருளுக்கே சான்று என்ற தோற்றம் வராதபடி. சான்றளிப்பு முத்திரை லெட்டர்ஹெட்டில் இருக்கட்டும்; பெட்டிக்கு டேப் ஆர்டர் கொடுக்கும் முன்பே இதை அச்சகத்துக்கும் சொல்லிவிடுங்கள்.